ஆறெழுத்து டேப்பரும் ஐந்தெழுத்துப் பேப்பரும்

தோட்டத்துப் பிள்ளைகளின் ஆங்கிலம் என்று பேச்செடுத்தால் நம் பெற்றோரில் பலர் ஒரே வார்த்தையில் ஒதுங்கிக் கொள்வார்கள். "நமக்கு என்னங்க தெரியும், வாத்தியார் பார்த்துக்குவாரு" என்பார்கள். கணக்குப் பாடமென்றால் பக்கத்தில் உட்காருகிற தாய், ஆங்கிலப் புத்தகம் வெளியே வந்ததும் அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறாள். பிள்ளை கொஞ்ச நேரம் தனியே திணறிவிட்டு அதுவும் புத்தகத்தை மூடிவிடுகிறது.

அந்தத் தாயை மறுபடியும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைக்க ஒரு வழி இருக்கிறது. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். விளையாட்டு என்றே வைத்துக் கொள்ளுங்கள். சில எழுத்துகளைக் கொடுத்து, அவற்றைக் கொண்டு நான்கெழுத்துச் சொல் அமை, ஐந்தெழுத்துச் சொல் அமை என்று அளவும் கொடுத்துவிடுவது. இதற்கு நடுவராக இருக்க ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணத் தெரிந்தால் போதும். கொடுத்த எழுத்துகள்தாமா, புதிதாக ஒன்று நுழைந்துவிட்டதா, ஒரு முறை கொடுத்தது இரு முறை வந்துவிட்டதா என்று பார்க்கக் கண் இருந்தால் போதும். பால் நிறுக்கும் இடத்தில் தன் கணக்குப் பிசகாமல் பார்த்து நின்றவர்களுக்கு இது பெரிய காரியமா?

விளையாட்டில் இறங்குமுன் ஒரு சிக்கலைத் தீர்த்துக் கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் 'பி' இரண்டு, 'டி' இரண்டு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் அந்த ஒலிகள் நம் நாவுக்குப் புதியவை அல்ல. 'சிப்பி' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து 'தம்பி' என்று சொல்லுங்கள். எழுத்து ஒன்றுதான், ஒலி வேறு. 'பாட்டி', 'வண்டி' என்று சொல்லிப் பாருங்கள், அங்கேயும் அப்படித்தான். மெல்லினத்தின் பின்னால் வந்தால் நம் வல்லினம் இளகிவிடுகிறது. ஆகவே இந்த உரையில் அவற்றைச் சிப்பி-பி, தம்பி-பி, பாட்டி-டி, வண்டி-டி என்றே அழைக்கப் போகிறேன். வீட்டிலும் அப்படியே அழையுங்கள். இளகிய ஒலி தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை. அதனால்தான் நம் பிள்ளை 'பெரிய' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை வாசிக்கப் போய்ப் பன்றியாக்கிவிடுகிறது. 'தம்பி'யில் உள்ள 'பி'யை எடுத்து முதலில் வை என்று சொன்னால் நாலைந்து தடவையில் வாய் பழகிவிடும்.

இப்போது விளையாட்டுக்கு வருவோம். முதற்சொல்லை வெளியே தேட வேண்டாம். நம் தொழிலின் பெயரையே எடுத்துக் கொள்வோம்.

மலாக்கா மாநிலத்தில் ஆங்கிலச் சொல்லும் ரப்பர் மரமும் ஏறக்குறைய கூட்டாளிகள். டான் சே யான் என்ற மலாக்காச் சீனர் 1890களில் புக்கிட் லிந்தாங்கிலும், பின்னர் புக்கிட் அசகானிலும் ரப்பரை வாணிகப் பயிராக நட்டார். மலாயாவில் இத்துறையின் முன்னோடி அவர். தோட்டங்கள் பெருகப் பெருக, தோட்ட ஆபீசுப் பேரேடுகள் எல்லாம் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டன. நம்மவர் அந்தச் சொற்களைத் தம் வாய்க்கு ஏற்றபடி உடைத்துக் கொண்டார்கள். அதிகாலையில் ஆள் கணக்கெடுக்க வரிசையில் நிற்பதற்குரிய ஆங்கிலச் சொல் 'பெரட்டு' ஆயிற்று. வரிசை வீட்டின் பெயர் 'லயம்' ஆயிற்று. செக்ரோல் செக்ரோலாகவே நின்றது. அந்தச் செக்ரோலில் மரம் வெட்டுகிறவருக்கு இட்ட பெயர்தான் டேப்பர்.

டேப்பர் ஆறெழுத்துச் சொல்: பாட்டி-டி, ஏ, சிப்பி-பி, சிப்பி-பி, ஈ, ஆர். பழைய காலண்டர் அட்டையை ஆறு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஓர் எழுத்தாக எழுதித் தரையில் பரப்புங்கள். முதல் துண்டான பாட்டி-டியை எடுத்து மடியில் வைத்துக் கொள்ளுங்கள். மீதி ஐந்து துண்டுகளை மாற்றி அடுக்கினால் என்ன வருகிறது? சிப்பி-பி, ஏ, சிப்பி-பி, ஈ, ஆர். பேப்பர்! தாள் என்றும் செய்தித்தாள் என்றும் பொருள் தரும் பேப்பர் நம் தொழிற்பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

இப்போது மடியிலிருந்த டியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு பிகளில் ஒன்றை எடுத்துவிடுங்கள். மீதி ஐந்தும் இருந்த வரிசையிலேயே நிற்கட்டும். இதுவும் ஒரு சொல். ஆனால் இதை டேப்பர் என்று வாசிக்கக் கூடாது. 'டேய்ப்பர்' என்று நீட்ட வேண்டும். ஒரு முனையை நோக்கிக் கூம்பிச் செல்வது என்று பொருள். ஒரு பி குறைந்ததும் ஒலியும் மாறிவிட்டது, பொருளும் மாறிவிட்டது. ஆங்கில எழுத்துக் கூட்டலில் நம் பிள்ளைகள் மிகுதியாகத் தடுக்கி விழுகிற இடம் இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று போவோம்.

டி, ஏ, பி என்ற மூன்றெழுத்து வெட்டுவதையும் தட்டுவதையும் குறிக்கும். தண்ணீர்க் குழாயையும் குறிக்கும். அதன் கடைசியில் ஓர் ஈ சேர்த்தால் நான்கெழுத்து; அது நாடா, ஒட்டுநாடா. கடைசியில் நிற்கிற ஈ வாய் திறப்பதில்லை. ஆனால் நடுவிலுள்ள ஏயைத் தன் பெயரையே சொல்லும்படி நீட்டிவிடுகிறது. எலியைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல்லுக்குப் பின்னால் ஈ வந்தால் கூலி விகிதம் என்பதில் வரும் விகிதம் ஆகிவிடும். தொப்பிக்குரிய மூன்றெழுத்தில் ஈ சேர்த்தால் வெறுப்பு. இப்போது வெட்டுகிறவரைக் குறிக்க 'ஈ, ஆர்' சேர்க்க வேண்டும். அப்படியே சேர்த்தால் அந்த ஈ புகுந்து ஏயை நீட்டிவிடும். அதைத் தடுக்கத்தான் நடுவில் இன்னொரு பியைக் காவலுக்கு நிறுத்துகிறார்கள். இரட்டைப் பி இருக்கும் இடத்தில் ஏ குறுகி நிற்கும். செம்பனைக் குலை வெட்டுகிறவரின் கட்டர் என்ற சொல்லில் இரண்டு டி இருப்பதும் இதனால்தான். விதிவிலக்குகள் உண்டு; ஆங்கிலத்தில் அவற்றுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் பிள்ளை இந்த ஒன்றைப் பிடித்துக் கொண்டால் நூற்றுக்கணக்கான சொற்களில் பிழை போய்விடும்.

ரப்பரும் அப்படித்தான்: ஆர், யு, தம்பி-பி, தம்பி-பி, ஈ, ஆர். நாம் 'ரப்பர்' என்று அழுத்திச் சொல்லிப் பழகிவிட்டதால் பிள்ளை சிப்பி-பி போட்டு எழுதிவிடும். அதைப் பார்த்துத் திருத்துங்கள். 'தேய்' என்ற மூன்றெழுத்துச் சொல்லிலிருந்து 'தேய்ப்பது' என்ற ஆறெழுத்துச் சொல் வந்தது. இந்தப் பிசின் பென்சில் கோட்டை அழிக்கப் பயன்படுகிறது என்பதை 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கில அறிஞர் குறித்து வைத்தார். அழிக்கிற துண்டுக்கு வந்த பெயர்தான் பிறகு அந்தப் பொருளுக்கும், பிரேசிலிலிருந்து வந்த அந்த மரத்துக்கும் ஆகிவிட்டது. பிள்ளையின் பென்சில் பெட்டியில் கிடக்கும் சிறு துண்டு, காடு காடாக நின்ற மரத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறது!

மங்கில் வடிகிற பாலுக்கு ஆங்கிலத்தில் லேட்டக்ஸ். ஐந்தெழுத்து: எல், ஏ, பாட்டி-டி, ஈ, எக்ஸ். லத்தீன் மொழியில் இதற்கு நீர்மம் என்று பொருள். இதில் எக்ஸ் இருப்பது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மூன்றெழுத்து கேட்டால் டி, ஏ, எக்ஸ் வரும், அது வரி. ஏ, எக்ஸ், ஈ வரும், அது கோடரி. நான்கெழுத்து கேட்டால் ஏ, எக்ஸ், எல், ஈ. அது வண்டியின் அச்சு. தாமதத்தைக் குறிக்கும் சொல்லும், கதையைக் குறிக்கும் சொல்லும் இதே ஐந்துக்குள் இருக்கின்றன. ஐந்தையும் விடாமல் பயன்படுத்தி இன்னொரு சொல் உண்டா? உண்டு. ஈ, எக்ஸ், ஏ, எல், டி. 'உயர்த்து, போற்று' என்று பொருள். நாம் மங்கு மங்காக எடுத்து ஊற்றிய பாலுக்குள் இப்படி ஒரு சொல் இருந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்!

எழுத்தும் அளவும் கொடுத்துச் சொல் தேடும் இந்த விளையாட்டை நான் கண்டுபிடிக்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் உலகெங்கும் பொருளாதார மந்தம் வந்தபோது ரப்பர் விலை தரைமட்டமாயிற்று. நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கானோர் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதே மந்தத்தில் அமெரிக்காவில் ஆல்பிரட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞரும் வேலை இழந்தார். சும்மா இருந்த நாள்களில் அவர் செய்தித்தாளை எடுத்து வைத்துக் கொண்டு, ஆங்கிலத்தில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று ஒவ்வொன்றாக எண்ணினார். அந்தக் கணக்கை வைத்து ஒரு விளையாட்டை அமைத்தார். அது 1948இல் ஸ்கிரேபிள் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதில் மொத்தம் 100 வில்லைகள். ஈ எழுத்துக்கு மட்டும் 12. ஏ, ஐ இரண்டுக்கும் ஒன்பது ஒன்பது. எக்ஸுக்கு ஒன்றே ஒன்றுதான். அதை வைத்தால் எட்டுப் புள்ளி. எஸ் என்ற எழுத்தை அவர் வேண்டுமென்றே நான்கோடு நிறுத்திக் கொண்டார். கண்ட சொல்லுக்கெல்லாம் பின்னால் எஸ் ஒட்டிப் பன்மையாக்கிப் புள்ளி வாங்கிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் விளையாடும்போது உங்கள் பிள்ளையும் அந்தத் தந்திரத்தைச் செய்து பார்க்கும்; கவனமாக இருங்கள்.

இந்த விளையாட்டின் உலகப் போட்டி 2003இல் கோலாலம்பூரிலும் 2009இல் ஜொகூர் பாருவிலும் நடந்தது. இரண்டு முறையும் வென்றவர்கள் யார் தெரியுமா? இங்கிலாந்துக்காரரோ அமெரிக்கரோ அல்லர், தாய்லாந்துக்காரர்கள். தாய்லாந்தில் வீட்டு மொழி தாய் மொழி. எழுத்தும் தனி எழுத்து. வீட்டில் ஆங்கிலம் இல்லாததால் பின்தங்கிவிடுவோம் என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. இன்னொருவரும் உண்டு. நைஜல் ரிச்சர்ட்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர், பல்லாண்டுகளாக மலேசியாவில் வாழ்பவர். ஆங்கிலத்தில் பல முறை உலக வெற்றி பெற்ற இவர், பிரெஞ்சு மொழி பேசத் தெரியாமலே 2015இல் பிரெஞ்சு ஸ்கிரேபிள் உலகப் பட்டத்தை வென்றார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் வென்றார். சொற்களின் எழுத்துகளை மட்டும் மனத்தில் ஏற்றிக் கொண்டு சாதித்தது இது. வியக்கத்தக்கதுதான். ஆனால் நம் பிள்ளைகளுக்கு அந்த வழியை நான் சொல்ல மாட்டேன். கோப்பை வாங்க எழுத்துப் போதும். மருந்துப் புட்டியின் மேலுள்ள சீட்டை வாசிக்கவும், சம்பளச் சீட்டில் எதற்காகப் பணம் பிடித்தார்கள் என்று தெரிந்து கொள்ளவும் பொருள் வேண்டும். ஆகவே நம் வீட்டு விளையாட்டில் ஒரு விதி கூடுதல்: பொருளைத் தமிழில் சொன்னால்தான் புள்ளி.

2021இல் ஜோஷ் வார்டில் என்பவர் வெளியிட்ட வேர்டில் என்ற விளையாட்டு இப்போது கைப்பேசிகளில் இருக்கிறது. மறைந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளை கைப்பேசியை எடுத்தால் விடவே மாட்டேன் என்கிறது என்று வருந்துகிறவர்கள், அதற்குள் இதுவும் இருக்கிறது என்று தெரிந்து வைத்துக் கொள்ளலாம். ஆனாலும் என் வாக்கு அட்டைத் துண்டுகளுக்கே. கைப்பேசியில் பிள்ளை தனியாக இருக்கும். தரையில் பரப்பிய அட்டையைச் சுற்றி வீடே உட்காரும்.

மலேசியப் பிள்ளைகளுக்கு ஒரு வசதியும் அதனோடு ஒரு தொல்லையும் சேர்ந்தே இருக்கின்றன. மலாய்ப் பாடத்தை ரூமி எழுத்தில் படிப்பதால் இருபத்தாறு எழுத்தும் முன்பே பழக்கமானவை. ஆனால் மலாய் ஒலித்தபடி எழுதும் மொழி, ஆங்கிலம் அப்படியன்று. அதே எழுத்து, அதே அளவு, சொல் வேறாகிவிடும். ஏ, ஐ, ஆர் என்று எழுதினால் மலாயில் தண்ணீர், ஆங்கிலத்தில் காற்று. ஜே, ஏ, எம் என்றால் மலாயில் மணி, ஆங்கிலத்தில் ரொட்டியில் தடவுகிற ஜாம்; சாலை நெரிசலும் அதுதான். எம், ஏ, ஐ, என் என்றால் மலாயில் விளையாடு, ஆங்கிலத்தில் முதன்மையான. எஃப், ஏ, ஐ, எல் என்ற நான்கெழுத்து மலாயில் ஆபீசுக் கோப்பு, ஆங்கிலத்தில் தோல்வி. பள்ளியிலிருந்து வந்த மலாய்க் கடிதத்தில் இந்தச் சொல்லைப் பார்த்துப் பிள்ளை தேர்வில் தோற்றுவிட்டதோ என்று பதற வேண்டாம். கோப்பைக் கொண்டு வரச் சொல்லியிருப்பார்கள். ஆங்கிலத்தில் கோப்பு என்று எழுத ஏயை எடுத்துவிட்டு எஃப், ஐ, எல், ஈ என்று எழுத வேண்டும். வாய் திறக்காத அந்த ஈ இங்கேயும் வந்து ஐயை நீட்டுகிறது பாருங்கள். இப்படிப்பட்ட சொற்களுக்கு நோட்டுப் புத்தகத்தில் தனிப் பக்கம் ஒதுக்கி, இடப்பக்கம் மலாய்ப் பொருளும் வலப்பக்கம் ஆங்கிலப் பொருளும் எழுதி வைத்தால் இரண்டு பாடத்துக்கும் உதவும்.

விளையாடும் முறையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாலையில் குளித்துச் சாப்பிட்டு ஓய்ந்த பிறகு கால் மணி நேரம் போதும்; அதற்கு மேல் நீட்டினால் பாடமாகிவிடும், பிள்ளை ஓடிவிடும். சிறிய பிள்ளைக்கு மூன்றெழுத்து, பெரியதற்கு ஐந்தெழுத்து என்று அளவை மாற்றிக் கொடுத்தால் இருவரும் ஒரே அட்டைகளைக் கொண்டு ஆடலாம். அண்ணன்தான் எப்போதும் ஜெயிக்கிறான் என்ற அழுகையும் இராது. தாயோ பாட்டியோ எண்ணிப் பார்க்கட்டும். 'இதில் இரண்டு ஈ இருக்கிறதே, நான் கொடுத்தது ஒன்றுதானே' என்று ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். அம்மாவுக்கும் இது தெரிகிறதே என்று பிள்ளை நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வைக்காகவே இதைத் தொடங்கலாம். அப்படி ஒரு சொல் உண்மையிலேயே இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் அகராதியைப் பிள்ளையே புரட்டட்டும். வீட்டில் அகராதி இல்லையென்றால் சொல்லை எழுதி வைத்து மறுநாள் ஆசிரியரிடம் கேட்கட்டும். சொல்லைக் கேட்டுக் கொண்டு வருகிற பிள்ளையை எந்த ஆசிரியரும் வெறுக்க மாட்டார்.

இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் பல இடிபட்டு, ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மெர்லிமாவிலும் நம்மவர் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். தோட்டத்தைக் குறிக்கும் எஸ்டேட் என்ற சொல் மட்டும் பேச்சில் நிற்கிறது. அதையும் தரையில் பரப்பிப் பாருங்கள்: ஈ, எஸ், பாட்டி-டி, ஏ, பாட்டி-டி, ஈ. முதலில் நிற்கும் ஈயை எடுத்தால் மீதி ஐந்தும் இருந்த இடத்திலேயே நின்று மாநிலம் என்ற சொல்லைக் காட்டும். இரண்டும் ஒரே லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தவை. ஆகவே இது வெறும் எழுத்து ஒற்றுமை மட்டுமன்று. அதே ஐந்தை மாற்றி அடுக்கினால் ருசி. நான்கெழுத்தில் கிழக்குத் திசை வரும், உட்காரும் இருக்கை வரும், தேர்வும் வரும்.

கடைசியாக ஒன்றை உங்கள் கையிலேயே விட்டுப் போகிறேன். நம் மாநிலத்தின் பெயரை இப்போது எம், ஈ, எல், ஏ, கே, ஏ என்று எழுதுகிறோம். இந்த ஆறுக்குள் ஆங்கில நான்கெழுத்துச் சொற்கள் ஆறாவது உண்டு. ஏரி ஒன்று, உணவு வேளை ஒன்று, ஆண் ஒன்று, ஒழுகுதல் ஒன்று, நொண்டி ஒன்று. ஆறாவது 'செய்' என்ற சொல். அதன் நான்கு எழுத்துகளையும் கொஞ்சம் மாற்றிப் போட்டால் மலாய் மொழியில் 'அம்மா' வருகிறாள். 1972இல் மலாய் எழுத்துக் கூட்டல் சீரமைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆங்கிலேயர் காலத்துக் கூட்டலில் கே இல்லை: எம், ஏ, எல், ஏ, சி, சி, ஏ. அதில் ஏழெழுத்து இருந்தும் நான்கெழுத்துச் சொல் எளிதில் அகப்படாது. இரண்டை நான் கண்டேன். ஒன்று அலையடங்கிய கடலின் அமைதி. மற்றொன்று அந்தக் கடலோர மணலில் கிடைப்பது; அதன் தமிழ்ப் பெயரை இந்த உரையில் ஒரு பிக்கு அடையாளமாகப் பல முறை சொல்லிவிட்டேன்.